கழற்றும் கூரையா, நிலைக்கூரையா: பழைய சி5 கார்வெட் வாங்குவோருக்கான முழு வழிகாட்டி

அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில், பவுலிங் கிரீன் ஆலையில் தயாரான ஐந்தாம் தலைமுறை செவ்ரோலே கார்வெட், 1997 முதல் 2004 வரையிலான மாடல்களில் விற்பனைக்கு வந்தது. சி5 என்று அழைக்கப்படும் இந்தக் காரைப் பழைய காராக வாங்க விரும்புகிறவர்கள் பெரும்பாலும் நிறம், ஓடிய மைல், கியர் வகை ஆகியவற்றிலிருந்து தேடலைத் தொடங்குகிறார்கள். நான் கூரையிலிருந்து தொடங்கச் சொல்வேன். கழற்றும் கூரை உள்ள காரும் நிலைக்கூரை உள்ள காரும் தொலைவிலிருந்து அண்ணன் தம்பி போலத் தெரிந்தாலும், உடலின் அமைப்பு, டிக்கி, பழுதுபடும் இடங்கள், முந்தைய உரிமையாளர்கள் நடத்திய விதம் ஆகிய அனைத்திலும் வேறுபடுகின்றன. எனவே, வாங்கும் முன் சோதிக்க வேண்டியவையும் வேறுபடுகின்றன.

இந்த வழிகாட்டி அமெரிக்காவிலேயே வாங்கி அங்கேயே ஓட்டப்போகிறவர்களுக்கானது. சி5 ஆலையிலிருந்து இடப்பக்க ஸ்டீயரிங்கோடுதான் வந்தது. அதனால், பிற்காலத்தில் ஊருக்குக் கொண்டுபோகலாம் என்ற எண்ணத்தில் இதை வாங்க வேண்டாம். பழைய கார் இறக்குமதிக்கான இந்திய விதிகள் அதற்கு இடம் தருவதில்லை.

முதல் படி: எதிரில் நிற்பது எந்தக் கார் என்று உறுதிசெய்தல்

சி5 மூன்று உடல்களில் வந்தது. 1997-இல் முதலில் வந்தது கூப்பே. இதன் கூரை, முன்கண்ணாடிச் சட்டத்துக்கும் பின்வளைவுக்கும் இடையே ஒரே பலகையாகக் கழன்று வரும். பின்புறம் அகலமான கண்ணாடிக் கதவு மேல்நோக்கித் திறக்கும். அடுத்த ஆண்டு துணிக்கூரை கொண்ட கன்வெர்டிபிள் வந்தது. 1999-இல் அந்தக் கன்வெர்டிபிளின் உடல்மீதே அசையாத கூரையை ஒட்டியும் திருகியும் பொருத்தி, நிலைக்கூரைக் கூப்பேயை வெளியிட்டார்கள். அதனால்தான் இதற்குப் பின்புறக் கண்ணாடிக் கதவு இல்லாமல், சாதாரணக் கார்களைப் போலத் தனி டிக்கி இருக்கிறது. 2001-இல் இதே உடலில் கூடுதல் வலுவுள்ள எஞ்சினைப் பொருத்தி இசட்06 என்ற பெயரில் கொண்டுவந்தார்கள்; 2004 வரை நிலைக்கூரை வேண்டுமென்றால் இசட்06 ஒன்றுதான்.

இசட்06 அல்லாத நிலைக்கூரைக் கார்கள் குறைவு. 1999-இல் 18,078 கூப்பேகள் உருவானபோது நிலைக்கூரைக் கார்கள் 4,031 மட்டுமே. 2000-இல் அது 2,090 ஆகக் குறைந்தது. இசட்06 நான்கு ஆண்டுகளில் மொத்தம் 28,388 உருவாயின. ஆகவே நிலைக்கூரை தேடுகிறவருக்குச் சந்தையில் அதிகம் தட்டுப்படுவது இசட்06 ஆகத்தான் இருக்கும்.

விளம்பரத்தில் எழுதியிருப்பதை நம்பாமல், முன்கண்ணாடியின் கீழே ஓட்டுநர் பக்கம் தெரியும் அடையாள எண்ணைப் படியுங்கள். அதில் ஆறாவது இலக்கம் 2 என்றால் கழற்றும் கூரையுள்ள கூப்பே, 3 என்றால் கன்வெர்டிபிள், 1 என்றால் நிலைக்கூரை. எட்டாவது இடத்தில் ஜி என்ற எழுத்து இருந்தால் சாதாரணக் கார்களின் எல்எஸ்1 எஞ்சின். எஸ் இருந்தால் இசட்06-இன் எல்எஸ்6 எஞ்சின். இசட்06 சின்னங்களையும் சக்கரங்களையும் ஒட்டிவைத்த சாதாரணக் கார்களை அடையாளம் காண இந்த இரண்டு இடங்களே போதும்.

இரண்டாம் படி: உங்கள் பயன்பாட்டை நேர்மையாக எழுதிப் பார்த்தல்

ஒரு தாளில், அடுத்த ஓராண்டில் இந்தக் காரை எங்கே நிறுத்தப்போகிறீர்கள், எந்த மாதங்களில் ஓட்டப்போகிறீர்கள், கூட யார் வருவார்கள், என்ன சாமான் ஏற்றுவீர்கள், பந்தயத் தடத்துக்குப் போவீர்களா என்று எழுதுங்கள். தலைக்கு மேல் வானம் தெரிய ஓட்ட வேண்டும் என்ற ஆசை உண்மையிலேயே இருந்தால், அதை அற்பமென்று ஒதுக்க வேண்டாம். அந்த ஆசையை அடக்கிக்கொண்டு நிலைக்கூரையை வாங்கியவர்கள், வசந்தகாலத்தின் முதல் நல்ல மாலையிலேயே வருந்துவதைப் பார்த்திருக்கிறேன்.

கார் நிற்கும் இடத்துக்கு இதில் பெரிய பங்கு உண்டு. அரிசோனா வெயிலில், கழற்றும் கூரையைச் சுற்றி நீரைத் தடுக்கும் ரப்பர் காய்ந்து விறைக்கும். ஃபுளோரிடாவின் கோடை மழையில் அந்த விறைத்த ரப்பர் உடனே ஒழுகிக் காட்டிக்கொடுத்துவிடும். மூடிய கேரேஜ் இல்லாமல், மழை மிகுந்த ஊரில், தெருவோரத்தில் நிறுத்தப்போகிறவருக்குக் கழற்றும் கூரையை நான் பரிந்துரைக்க மாட்டேன். கேரேஜ் உள்ளவருக்கு இந்தத் தடை கிடையாது.

சாமான் விஷயத்தில் பலரும் தலைகீழாக நினைக்கிறார்கள். கழற்றும் கூரைக் கூப்பேயின் கண்ணாடிக் கதவுக்குக் கீழே சுமார் 25 கன அடி இடம் இருக்கிறது. நிலைக்கூரைக் காரின் டிக்கியில் அது சுமார் 13 கன அடிதான். கழற்றிய பலகையையும் அந்தக் கண்ணாடிக்குக் கீழேதான் பொருத்தி வைக்க வேண்டும் என்றாலும், அதற்கு அடியில் இருவரின் மென்மையான பைகளை வைக்கலாம். நீண்ட பயணம் போகிற தம்பதிக்குக் கூப்பேதான் வசதி. ஆனால், அந்தப் பெரிய கண்ணாடி வழியே வெயிலும், பின்சக்கரங்களின் இரைச்சலும் உள்ளே வரும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

மூன்றாம் படி: விறைப்பையும் எடையையும் சரியான அளவில் மதித்தல்

நிலைக்கூரைக்காரர்கள் முதலில் சொல்வது உடல் விறைப்பு. அது உண்மைதான்: கழற்றும் கூரைக் கூப்பேயைவிட நிலைக்கூரை உடல் முறுக்கத்துக்குச் சுமார் 12 சதவீதம் கூடுதலாகத் தாங்கும் என்றும், எடை 80 முதல் 90 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 40 கிலோ, குறைவு என்றும் கணக்கு. 1999, 2000 ஆண்டு நிலைக்கூரைக் கார்களில் ஆறு கியர் மேனுவல் மட்டுமே கிடைத்தது. விறைப்பான இசட்51 சஸ்பென்ஷன் அவற்றில் ஆலையிலேயே பொருத்தப்பட்டது.

ஆனால், இந்த வேறுபாட்டைச் சாலையில் எவ்வளவு உணர முடியும் என்பது வேறு கேள்வி. சி5-ஐ வடிவமைத்தவர்கள் கூரையில்லாத காருக்கும் போதிய வலு இருக்கும்படி அடிச்சட்டத்தைத் திட்டமிட்டார்கள். இரு பக்கமும் நீளவாக்கில் ஓடும் எஃகுத் தண்டுகள், துண்டு துண்டாக வெல்டிங் செய்யப்படாமல், நீரழுத்தத்தால் வடிக்கப்பட்ட ஒரே குழாய்கள். நடுவிலுள்ள சுரங்கம்போன்ற பகுதி அடியில் தகடிட்டு மூடப்பட்டு முதுகெலும்பாக நிற்கிறது. வலுவில் பெரும்பகுதியைக் கூரை தருவதில்லை, அடிச்சட்டமே தருகிறது. ஆகவே, மலைப்பாதையில் உற்சாகமாக ஓட்டுகிறவருக்கும் கழற்றும் கூரைக் கூப்பே குறைவைக் காட்டாது. பந்தயத் தடத்தில், அகலமான டயரும் விறைப்பான சஸ்பென்ஷனும் பொருத்தி, நொடியின் பத்தில் ஒரு பங்கை எண்ணுகிறவருக்குத்தான் அந்த 12 சதவீதம் காசு பெறும்.

தடத்துக்குப் போகிறவர்கள், தாங்கள் சேரவிருக்கும் அமைப்பின் விதிகளை வாங்கும் முன்பே படிக்க வேண்டும். கழற்றும் பலகையுள்ள காரை மூடிய காராக ஏற்பதா, கார் கவிழ்ந்தால் உள்ளிருப்பவரைக் காக்கும் உருள்தண்டு (ரோல் பார்) கேட்பதா என்பதில் அமைப்புக்கு அமைப்பு நிலைப்பாடு மாறும்.

நான்காம் படி: தண்ணீர்

இந்த வழிகாட்டியில் ஒரு பகுதியை மட்டும் படிக்க நேரமிருந்தால் இதைப் படியுங்கள். கழற்றும் கூரையுள்ள சி5-இல் கூரை ஒழுகினால் நனைவது இருக்கை மட்டுமன்று. பயணி காலடியில், கார்பெட்டுக்குக் கீழே, உள்விளக்கு, கதவுப்பூட்டு, திருட்டுத் தடுப்பு, எச்சரிக்கைச் செய்திகள் ஆகியவற்றை ஆளும் கட்டுப்பாட்டுப் பெட்டியும் ஒரு ஃபியூஸ் பலகையும் இருக்கின்றன. கூரையின் முன்மூலையில் நுழையும் நீர், தூணின் உட்புறமாக இறங்கி அங்கேதான் தேங்கும்.

எனக்கு இது பட்டுத் தெரிந்த பாடம். ஒரு கடுங்கோடை நாளில், வெள்ளிநிறக் கூப்பே ஒன்றைப் பார்த்து, எஞ்சினையும் கியரையும் அரை நாள் சோதித்து, கூரையைக் கழற்றி ஒரு சுற்று ஓட்டி, மகிழ்ச்சியோடு வாங்கிவந்தேன். மூன்று வாரம் கழித்து முதல் மழை பெய்தது. மறுநாள் காலை கதவைத் திறந்தபோது, நனைந்த சாக்குப்பையின் வாடை வந்தது. கார்பெட்டை அழுத்தினேன், விரல்களுக்கிடையே நீர் பொங்கியது. அதைத் தூக்கிப் பார்த்தபோது, கட்டுப்பாட்டுப் பெட்டியின் இணைப்பு ஒன்றில் பச்சை நிறத்தில் உப்புப் பூத்திருந்தது. அந்தப் பச்சை ஒரே மழையில் வருவதில்லை. விற்றவரிடம் இருந்தபோதே கார் பலமுறை நனைந்து காய்ந்திருக்கிறது. ஒரு குழாயும் இருபது நிமிடமும் இருந்திருந்தால் வாங்கும் முன்பே தெரிந்திருக்கும்.

ஆகவே இப்படிச் செய்யுங்கள். முதலில், காரை நனைப்பதற்கு முன், பயணி பக்கக் கார்பெட்டைத் தூக்கிப் பார்க்க அனுமதி கேளுங்கள். அனுமதி மறுக்கப்பட்டால் அந்தக் காரை விட்டுவிடுங்கள். கார்பெட்டின் அடிப்பஞ்சை உள்ளங்கையால் அழுத்துங்கள். மேற்புறம் காய்ந்திருந்தாலும் அடியில் ஈரம் பல நாள் நிற்கும். இணைப்புகளில் பச்சை அல்லது வெள்ளைப் பூச்சு, திருகுகளில் துரு, கார்பெட்டில் வட்டமான நீர்த்தடம், மிகையான வாசனைத் தெளிப்பு ஆகிய எல்லாமே தடயங்கள்.

அடுத்து, ரப்பர் பீடிங்கைப் பாருங்கள். கூரைப்பலகையைக் கழற்றி, முன்கண்ணாடிச் சட்டத்திலும் பின்வளைவிலும் பலகையின் இரு பக்கங்களிலும் உள்ள பீடிங்கை விரலால் தடவிச் செல்லுங்கள். நல்ல ரப்பர் அழுத்தினால் அமுங்கி, விட்டதும் எழும். கெட்டது அமுங்கியபடியே கிடக்கும். அல்லது மேற்பரப்பில் நுண்வெடிப்புகள் தெரியும். மூலைகளில், குறிப்பாகக் கதவுக் கண்ணாடியின் மேல்முனையும் கூரையும் முன்தூணும் சந்திக்கும் இடத்தில், கிழிசலையோ யாரோ பூசிய பசையையோ தேடுங்கள். பசை இருந்தால், ஒழுகல் இருந்ததை முந்தையவர் அறிந்திருந்தார் என்று பொருள்.

பிறகு பலகையைப் பூட்டி, ஒரு டாலர் நோட்டைப் பீடிங்குக்கும் கதவுக் கண்ணாடிக்கும் இடையே வைத்துக் கதவை மூடி, நோட்டை மெதுவாக இழுங்கள். எங்கும் சற்றுப் பிடித்து வர வேண்டும். ஓரிடத்தில் மட்டும் தடையின்றி நழுவினால், அங்கே அழுத்தம் போதவில்லை. கதவுக் கண்ணாடிக்குச் சட்டம் இல்லாததால், கண்ணாடியின் சாய்வைச் சற்றே திருத்தினால் இது சரியாகிவிடக்கூடும். உடனே புது ரப்பர் என்று முடிவுகட்ட வேண்டாம்.

கடைசியாகக் குழாய். அழுத்தக் குழாய் வேண்டாம். தோட்டக் குழாயில் மழைபோல் விழும் நீர் போதும். ஒருவர் உள்ளே கைவிளக்கோடு அமர்ந்திருக்க, மற்றவர் கீழிருந்து மேலாக நனைக்க வேண்டும்: முதலில் முன்கண்ணாடியின் அடிப்பகுதி, பின்பு தூண், பின்பு கதவுக் கண்ணாடியின் மேல்விளிம்பு, அதன்பின் பலகையின் முன்விளிம்பு, கடைசியாகப் பின்விளிம்பும் பின்கண்ணாடிக் கதவும். ஒவ்வோரிடத்திலும் மூன்று நான்கு நிமிடம் நிற்க வேண்டும். மேலிருந்து தொடங்கினால் நீர் எல்லா இடத்திலும் ஓடி, எங்கே நுழைந்தது என்பதே தெரியாமல் போகும்.

ஈரம் கண்டதும் கூரையைக் குற்றம் சொல்வதும் அவசரமே. ஏசியின் வடிகுழாய் அடைத்திருந்தாலும் நீர் பயணி காலடியில்தான் விழும். மழையே இல்லாத நாளில், ஏசியை அரை மணி நேரம் ஓட்டியபின் ஈரம் வந்தால் காரணம் அதுவே. அதைச் சரிசெய்ய அதிகச் செலவில்லை.

ஐந்தாம் படி: பலகையையே ஆராய்தல்

சி5 கூப்பேயின் பலகை, உடலின் வண்ணத்தில் பூசப்பட்டதாகவோ, ஒளி ஊடுருவும் நீலச்சாயலுடையதாகவோ கிடைத்தது. இரண்டையும் சேர்த்து வாங்கிய முதல் உரிமையாளர்களும் உண்டு. இரண்டு பலகையும் உள்ள காரைக் கண்டால், அதற்காகச் சற்றுக் கூடுதல் விலை கொடுக்கத் தயங்க வேண்டாம். ஒளி ஊடுருவும் பலகையை வெயிலுக்கு எதிரே பிடித்துப் பாருங்கள்: சிலந்திவலை போன்ற நுண்கீறல்கள் உள்ளேயே ஓடியிருந்தால், மெருகேற்றிப் போக்க முடியாது.

வண்ணப் பலகையின் நிறம் உடலோடு பொருந்தவில்லை என்றால், அது வேறொரு காரின் பலகையாக இருக்கலாம். ஏன் மாற்றினார்கள் என்று கேளுங்கள். முன்பூட்டுகள் சரியாக விழாமல் நெடுஞ்சாலையில் பறந்துபோன பலகைகள் உண்டு. பலகையின் மேல்தோல் அதன் சட்டத்திலிருந்து பிரிகிறதா என்று விளிம்புகளை மெதுவாகத் தூக்கிப் பாருங்கள். அடுத்த தலைமுறையான சி6-இன் தொடக்க ஆண்டுக் கார்கள் சில, வண்ணப் பலகையின் ஒட்டு விட்டுப்போகும் குறைக்காகவே திரும்ப அழைக்கப்பட்டன. சி6 பக்கம் மனம் போகிறவர்கள், அந்தப் பணி முடிந்ததா என்று அடையாள எண்ணைக் கொண்டு உறுதிசெய்ய வேண்டும்.

பலகையை நீங்களே கழற்றிப் பின்புறம் வைத்துப் பாருங்கள். முந்தைய தலைமுறையில் இதற்கு ஸ்பேனர் வேண்டியிருந்தது. சி5-இல் கைப்பிடிப் பூட்டுகளைத் திருப்பினால் போதும். பின்னால் பலகையைப் பிடித்துவைக்கும் பொருத்துகள் உடைந்திருந்தால், பிரேக் பிடிக்கும்போது பலகை நகர்ந்து கீறும்.

ஆறாம் படி: சத்தத்தைக் கேட்டு ஓட்டுதல்

ரேடியோவை அணைத்துவிட்டு, சாய்வான வீட்டு நுழைபாதை ஒன்றில் குறுக்காக, நடைவேகத்தில் ஏற்றுங்கள். ஒரு சக்கரம் முன்னதாக ஏறும்போது உடல் முறுக்கப்படும்; அப்போது கீச்சென்று ஒலி வந்தால் பலகையைக் கழற்றிவிட்டு அதே இடத்தில் மீண்டும் ஏற்றுங்கள். ஒலி நின்றுவிட்டால் குறை பலகையின் இருப்பில்தான். பூட்டுப் பட்டைகளைத் துடைத்து, பீடிங்குக்குச் சிலிகான் கிரீஸ் தடவினால் பெரும்பாலும் அடங்கும். ஒலி தொடர்ந்தால் காரணம் வேறெங்கோ இருக்கிறது. மெக்கானிக் பார்க்க வேண்டும். நெடுஞ்சாலை வேகத்தில் காதோரம் விசில் கேட்டால், டாலர் நோட்டு நழுவிய இடத்தை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். அநேகமாக அதே இடமாக இருக்கும்.

ஏழாம் படி: நிலைக்கூரைக் காருக்கான தனிச் சோதனை

நிலைக்கூரையை வாங்கினால் பலகைக் கவலை நீங்கும். பதிலுக்கு, காரின் கடந்தகாலத்தைக் கூடுதலாக விசாரிக்க வேண்டும். தடத்தில் ஓட்ட விரும்பியவர்களே இதை நாடிப் போனார்கள். குறிப்பாக இசட்06: 2001-இல் 385 குதிரைத்திறன், 2002 முதல் 405. கூப்பேயில் அது 345, 2001 முதல் 350. இருக்கைக்குப் பின்னால் உருள்தண்டு பொருத்திய துளைகள், பந்தயப் பட்டைக்கான கூடுதல் திருகுகள், முன்பக்க வண்ணத்தில் மணல் எறிந்தாற்போன்ற கல்தடங்கள், பிரேக் டிஸ்கில் நுண்வெடிப்பு ஆகியவற்றைத் தேடுங்கள். கிளட்ச் எண்ணெயின் மூடியைத் திறந்து நிறத்தைப் பாருங்கள். மை போலக் கறுத்திருந்தால் கிளட்ச் கடுமையாக உழைத்திருக்கிறது. தடத்தில் ஓடிய கார் என்பதாலேயே ஒதுக்க வேண்டியதில்லை; எண்ணெய் மாற்றிய ரசீதுகளை வரிசையாக வைத்திருக்கும் தட ஓட்டுநரின் காரை, ரசீதே இல்லாத அழகான காரைவிட நான் நம்புவேன்.

விபத்தைக் கண்டுபிடிக்கக் காந்தம் கொண்டுபோக வேண்டாம். கார்வெட்டின் மேலுடல் கண்ணாடியிழை கலந்த பிளாஸ்டிக். காந்தமும் ஒட்டாது, சாதாரண வண்ணத்தடிமன் மானியும் காட்டாது. கூரை பின்தூண்களோடு சேரும் ஒட்டுக்கோட்டை இரு பக்கமும் ஒப்பிட்டுப் பாருங்கள்: இடைவெளி சீராக இருக்க வேண்டும், வண்ணத்தில் முடிக்கோடு போன்ற வெடிப்பு இருக்கக் கூடாது.

எட்டாம் படி: விலையும் முடிவும்

1999-இல் புதிதாக வாங்கியபோது நிலைக்கூரைக் கார், கழற்றும் கூரைக் கூப்பேயைவிடச் சுமார் 400 டாலர் மட்டுமே குறைவு. இன்று இசட்06-க்குக் கூப்பேயைவிட விலை கூடுதல். அந்தக் கூடுதலில் எஞ்சினுக்குரியதே பெரும்பங்கு, கூரைக்குரியது சிறிது. ஆகவே, தடத்துக்குப் போகாதவர் கூரைக்காக மட்டும் இசட்06 விலை கொடுப்பதில் பொருளில்லை. என் கருத்தில், கேரேஜ் உள்ள, வார இறுதியில் ஓட்டுகிற பெரும்பாலோருக்கு உரிய கார் கழற்றும் கூரைக் கூப்பேதான், நான்காம் படியில் தேறியிருந்தால். தேறாத கூப்பேக்கும் நல்ல நிலைக்கூரைக்கும் இடையே தேர்வு வந்தால், எவ்வளவு வானம் தெரிந்தாலும் நிலைக்கூரையை எடுங்கள்.

பீடிங் மட்டும் தேய்ந்து, கட்டுப்பாட்டுப் பெட்டி சுத்தமாக இருந்தால் அது பேரத்துக்குரிய குறை. முழுத் தொகுப்பு ரப்பருக்கும் பொருத்தும் கூலிக்கும் எழுத்தில் மதிப்பீடு வாங்கி, அதை விற்பவர் முன் வைத்துக் குறைக்கச் சொல்லுங்கள். இணைப்புகளில் பச்சை பூத்திருந்தால் பேரமே வேண்டாம். இன்று ஒரு விளக்கு, நாளை பூட்டு, மறுநாள் ஸ்டார்ட் ஆகாத எஞ்சின் என்று அந்தக் கோளாறு இடம் மாறிக்கொண்டே இருக்கும். உரிமைப் பத்திரத்தில் வெள்ளத்தில் சிக்கியது என்ற முத்திரை இருக்கும் காருக்கும் இதே விதி.

கூப்பே வாங்கியவர்கள், வீட்டுக்குக் கொண்டுவந்த அதே வாரத்தில் பீடிங் முழுவதையும் ஈரத்துணியால் துடைத்து, உலர்த்தி, சிலிகான் கிரீஸை மெல்லிய படலமாகத் தடவ வேண்டும். பெட்ரோலியம் கலந்த களிம்புகள் ரப்பரை ஊதவைக்கும், அவை கூடாது. மழைக்காலத்துக்கு முன் ஒருமுறை, குளிருக்கு முன் ஒருமுறை என்று இதைத் தொடருங்கள். தானியங்கிக் கழுவுமிடங்களின் அழுத்தநீரைத் தவிர்த்து, காரைக் கையாலேயே கழுவுங்கள்; கழுவி முடித்ததும் பயணி பக்கக் கார்பெட்டை ஒருமுறை உள்ளங்கையால் அழுத்திப் பாருங்கள்.